மீதி பூஜ்ஜியம்: முப்படிக் கோவையும் தேர்வறையும்

1

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு முப்படிக் கோவையோடு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் ஏன் தமிழ் எம்.ஏ. படித்தேன் என்பதற்கான விடையே ஒரு முப்படிக் கோவைக்குள் கிடக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குவதே நேர்மையாக இருக்கும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கணக்குப் பரீட்சை. இரண்டரை மணி நேரம். கேள்வித்தாளில் இருந்தது இது: எக்ஸ்³ − 2எக்ஸ்² − 5எக்ஸ் + 6 என்பதைக் காரணிப்படுத்துக. விடைத்தாளில் நான் எழுதிக்கொண்டது இது: எக்ஸ்³ − 2எக்ஸ்² + 5எக்ஸ் + 6. நடுவில் ஒரு கழித்தல் குறி கூட்டல் குறியாகிவிட்டது. பதற்றத்தில் நடக்கக்கூடியதுதான். நான் கவனிக்கவில்லை.

எங்கள் கணக்கு சார் சொல்லிக்கொடுத்தது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்கிற முறைதான். முதலில் கெழுக்களையும் மாறிலியையும் கூட்டிப் பார். பூஜ்ஜியம் வந்தால் எக்ஸ் − 1 ஒரு காரணி. வரவில்லையா, இரட்டைப்படை அடுக்குகளின் கெழுக்களோடு மாறிலியைச் சேர்த்துக் கூட்டு, ஒற்றைப்படை அடுக்குகளின் கெழுக்களைத் தனியாகக் கூட்டு. இரண்டும் சமமென்றால் எக்ஸ் + 1 ஒரு காரணி. அதுவும் இல்லையென்றால் கடைசி எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களைக் கூட்டல் குறியோடும் கழித்தல் குறியோடும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். ஒன்று மாட்டும். மாட்டியதும் தொகுமுறை வகுத்தல், பிறகு இருபடிக் கோவை, பிறகு விடை. 'கட்டாயம் மாட்டும்டா, மாட்டாத கணக்கைப் பரீட்சையில கேக்க மாட்டான்' என்பார் சார். இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1 போட்டேன், மீதி 10. −1 போட்டேன், மீதி −2. கிட்டே வந்துவிட்டதுபோல் இருந்தது. 2 போட்டால் 16, −2 போட்டால் −20. 3 போட்டால் 30, −3 போட்டால் −54. 6, −6 வரைக்கும் போனேன்: 180, −312. ஆறை வகுக்கும் எண்களெல்லாம் தீர்ந்துவிட்டன. மறுபடியும் முதலிலிருந்து. 'இன்னும் அரை மணி நேரம் இருக்கு' என்று அறைக் கண்காணிப்பாளர் குரல் கொடுத்தபோது ஐந்து மதிப்பெண் கணக்குக்கு இருபது நிமிடத்துக்குமேல் போயிருந்தது. வரைபடக் கணக்கு தொடப்படாமலே கிடந்தது. வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நண்பன் 'ஒண்ணு போட்டா நேரா பூஜ்ஜியம் வருதேடா' என்றான். கையிலிருந்த கேள்வித்தாளை அப்போதுதான் மறுபடி பார்த்தேன்.

பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவு கிடைக்கவில்லை. பிறகு பி.ஏ. தமிழ், எம்.ஏ. தமிழ். கணக்கு வராதவன் தமிழுக்கு வருவான் என்பது நம்மூரில் எழுதப்படாத விதி. தமிழ் படித்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. வகுத்தது போக மிஞ்சிய மீதியாகத் தமிழ் கருதப்படுவதில்தான் வருத்தம்.

அன்று தேர்வறையில் எனக்குத் தோன்றியிருக்கக் கூடியவை மூன்று: கேள்வி தவறாக இருக்கலாம், நான் எழுதிக்கொண்டது தவறாக இருக்கலாம், இந்தக் கோவையே உடையாத வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். மூன்றும் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: 'எனக்குக் கணக்கு வராது.' பதினைந்து வயதுப் பையனின் வாயில் இந்த வாக்கியம் தானாக வந்து உட்கார்வதில்லை. அதற்கொரு வரலாறு இருக்கிறது. சரியாகச் சொன்னால் இரண்டு வரலாறுகள்: முப்படிச் சமன்பாட்டின் வரலாறு ஒன்று, தேர்வின் வரலாறு ஒன்று. இரண்டும் ஒரே மேசையில் சந்தித்தபோது என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

2

தேர்வில் வரும் முப்படிக் கோவை எப்படித் தயாராகிறது? கேள்வி எழுதுபவர் முதலில் விடையை எழுதிக்கொள்கிறார்: (எக்ஸ் − 1)(எக்ஸ் + 2)(எக்ஸ் − 3). பிறகு பெருக்குகிறார். பெருக்கி வந்ததைக் கேள்வி என்று அச்சிடுகிறார். மாணவன் அந்தப் பெருக்கலைத் திரும்பப் பிரிக்கிறான். ஒளித்துவைத்தவரே தேடச் சொல்கிற விளையாட்டு இது. முழு எண் கெழுக்களை மனம்போல எழுதிக்கொண்டே போனால் கிடைக்கும் முப்படிக் கோவைகளில் பெரும்பாலானவை முழு எண்களாலோ பின்னங்களாலோ ஆன காரணிகளாக உடையவே உடையாது. உடைவதுதான் விதிவிலக்கு. தேர்வு அந்த விதிவிலக்கை மட்டுமே பொறுக்கியெடுத்து, அதையே விதி என்று பழக்குகிறது.

செய்துவைத்த கணக்கு என்பதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. கி.பி. 1150 அளவில் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் ஒரு கணக்குத் தருகிறார். ஓர் எண்ணின் கனத்தோடு அந்த எண்ணின் 12 மடங்கைக் கூட்டினால், அதன் வர்க்கத்தின் 6 மடங்கோடு 35 கூட்டியதற்குச் சமம். எண் எது? வர்க்கத்தை இடப்பக்கம் கொண்டுவந்து இரண்டு பக்கமும் 8 கழித்தால் இடப்பக்கம் 'எண் − 2' என்பதன் கனமாகிவிடுகிறது, வலப்பக்கம் 27. ஆகவே எண் 5. இதுவும் செய்துவைத்த கணக்குத்தான். ஆனால் பாஸ்கரர் எல்லா முப்படிக்குமான பொது விதியாக இதை நீட்டவில்லை. குறிப்பிட்ட கணக்குக்குக் குறிப்பிட்ட சாமர்த்தியம், அவ்வளவே. இந்தக் கணக்கு இணங்கியது, இன்னொன்று இணங்காமலும் போகலாம். கற்பித்தலுக்காகச் செய்துவைத்த கணக்குக்கும் மனிதர்களைத் தரம்பிரிப்பதற்காகச் செய்துவைத்த கணக்குக்கும் வித்தியாசம் இருக்கிறது.

3

இணங்காத முப்படிச் சமன்பாடு மனிதர்களை எத்தனை நூற்றாண்டு அலைக்கழித்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. உமர் கய்யாமை நாம் மதுக்கிண்ணத்தோடு மட்டுமே அறிவோம். 11ஆம் நூற்றாண்டில் முப்படிச் சமன்பாடுகளை 14 வகையாகப் பிரித்து, கூம்பு வளைவுகளை ஒன்றையொன்று வெட்டச் செய்து விடையைக் கோட்டின் நீளமாகக் காட்டியவர் அவர். எண்களால் ஆன பொதுவழி அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னால் வருபவர்களுக்குக் கிடைக்கலாம் என்று எழுதிவைத்தார். 1494இல் வெனிஸில் பெரிய கணித நூல் வெளியிட்ட லூக்கா பச்சோலியும் அன்றைய கலைக்கு எட்டாத விஷயம் என்றே இதைக் கருதினார். 'வராது' என்று இவர்களும் எழுதினார்கள். ஆனால் 'எனக்கு' வராது என்று எழுதவில்லை.

இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ஷிப்பியோனே தெல் ஃபெர்ரோ 1515 வாக்கில் ஒரு வகையை மட்டும் தீர்த்தார்: கனமும் 'பொருளும்' சேர்ந்து ஓர் எண்ணுக்குச் சமம். தெரியாத எண்ணை அன்று 'பொருள்' என்றுதான் சொன்னார்கள். கண்டுபிடித்ததை அவர் வெளியிடவில்லை. காரணம் பொருளாதாரம். ஆசிரியர் பதவி நிரந்தரமில்லை. யார் வேண்டுமானாலும் பொதுச் சவால் விடலாம், தோற்றால் வேலை போகலாம். கையிலிருக்கும் சூத்திரம் ஆயுதம். ஆயுதத்தை யார் அச்சடித்துக் கொடுப்பார்கள்? 1526இல் சாகும்முன் மருமகனுக்கும் அந்தோனியோ மரியா ஃபியோர் என்ற மாணவருக்கும் மட்டும் அது கைமாறியிருந்தது.

1535இல் ஃபியோர், நிக்கோலோ தார்த்தாலியாவுக்குச் சவால் விட்டார். தார்த்தாலியா என்றால் திக்குவாயன் என்று பொருள். 1512இல் பிரெஞ்சுப் படை பிரெஷ்யா நகரைச் சூறையாடியபோது சிறுவனாயிருந்த அவர் முகத்தில் வாள் வெட்டு விழுந்தது. அதிலிருந்து பேச்சு திக்கியது. ஊர் வைத்த கேலிப்பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்ட மனிதர், பெரும்பாலும் தாமாகவே படித்தவர். போட்டியின் விதியைக் கவனியுங்கள். ஃபியோர் 30 கணக்குகள் தர வேண்டும், தார்த்தாலியா 30 கணக்குகள் தர வேண்டும். நாற்பது ஐம்பது நாள் அவகாசம். ஃபியோர் தந்த முப்பதும் ஒரே வகை, தெல் ஃபெர்ரோவின் வகை. ஒரே பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போகும் பையனைப்போல அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். 1535 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு தார்த்தாலியாவுக்கு வழி பிடிபட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் முப்பதையும் முடித்துவிட்டார். அவர் தந்த பலவகைக் கணக்குகளில் ஃபியோர் தடுமாறித் தோற்றார்.

பிறகு நடந்தது பலரும் அறிந்த கதை. மிலானில் மருத்துவராயிருந்த கார்தானோ 1539இல் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துத் தார்த்தாலியாவிடமிருந்து வழியைச் செய்யுள் வடிவில் பெற்றார். 1543இல் போலோன்யா போய், இறந்துபோன தெல் ஃபெர்ரோவின் குறிப்பேட்டிலேயே அது இருப்பதைப் பார்த்தார். 1545இல் 'ஆர்ஸ் மாக்னா' நூலில் இருவர் பெயரையும் சொல்லி அச்சிட்டுவிட்டார். தார்த்தாலியா சாகும்வரை மன்னிக்கவில்லை.

இந்தக் கதையைத் துரோகக் கதையாகவே சொல்வது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அன்றைய சவாலில் இரண்டு பக்கமும் கேள்வி கேட்டது. கேள்வி கேட்பவன் தன் கேள்விக்காகவும் மதிப்பிடப்பட்டான். ஒரே வகைக் கேள்வியை முப்பது முறை கேட்ட ஃபியோரின் வறுமையைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கேள்வித்தாள்தான். நம் தேர்வறையில் கேள்வி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. ரகசியமும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. தெல் ஃபெர்ரோ பூட்டி வைத்திருந்தது உலகத்துக்கே தெரியாத ஒன்று. தேர்வு பூட்டி வைத்திருப்பதோ கேட்பவருக்கு முன்பே தெரிந்த ஒன்று.

4

கார்தானோவின் சூத்திரத்தில் ஒரு சங்கடம் இருந்தது. எக்ஸ்³ = 15எக்ஸ் + 4 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். நம் பத்தாம் வகுப்பு மாணவன் 4 போட்டுப் பார்ப்பான்: 64 இந்தப் பக்கம், 60 + 4 அந்தப் பக்கம். முடிந்தது, பத்து விநாடி. சூத்திரத்தின் வழியே போனால் −121இன் வர்க்கமூலம் வந்து வழிமறிக்கிறது. அப்படியோர் எண் கிடையாது. ஆனால் விடை 4 என்பதோ கண்முன்னால் இருக்கிறது. 1572இல் வெளியான நூலில் ரஃபாயேல் பொம்பெல்லி, இல்லாத அந்த எண்ணை இருப்பதாகவே பாவித்துக் கணக்கை முன்னே நடத்தினார். சூத்திரத்தின் இரண்டு கனமூலங்களில் ஒன்று 2 + √−1 ஆகவும் மற்றது 2 − √−1 ஆகவும் வந்தன. கூட்டினால் இல்லாதது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் 4 மிஞ்சியது. கலப்பெண்கள் கணிதத்துக்குள் வந்த கதவு இது. பத்து விநாடியில் 4 என்று எழுதுபவனுக்கு முழு மதிப்பெண். ஆனால் அந்தக் குறுக்குவழியில் இந்தக் கதவு இல்லை.

சரி, நம் பாடப்புத்தகத்துக் குறுக்குவழி யாருடையது? கோவையைக் காரணிகளின் பெருக்கமாகப் பார்க்கும் பார்வை தாமஸ் ஹாரியட் இறந்த பின் 1631இல் அச்சான நூலில் இருக்கிறது. 1637இல் தெக்கார்த் தம் வடிவியல் நூலின் மூன்றாம் பகுதியில் அதை முறையாக்கினார். முப்படிச் சமன்பாடா, கடைசி உறுப்பை வகுக்கும் எண்களை எடுத்துக்கொள், ஒவ்வொன்றாகச் சோதி. எங்கள் சார் சொன்ன அதே முறை. தொகுமுறை வகுத்தல் என்ற ஏற்பாட்டை ருஃபினியும் ஹார்னரும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வகுத்தார்கள். அதற்கு நெருக்கமான முறையைச் சீனாவின் சின் ஜியூஷாவ் 1247இலேயே எழுதிவிட்டார்.

ஆனால் தெக்கார்த் சொன்னதில் பாதியைத்தான் பாடப்புத்தகம் எடுத்துக்கொண்டது. எந்த எண்ணும் மாட்டவில்லையென்றால்? தெக்கார்த்துக்கு அது தோல்வி அல்ல, ஒரு முடிவு. அந்தக் கணக்கு அளவுகோலாலும் கவராயத்தாலும் தீர்க்க முடியாத உயர்ந்த வகையைச் சேர்ந்தது என்று அதன்மூலம் தெரிந்துகொள்கிறோம் என்றார். 1837இல் பியேர் வான்ட்ஸெல் இந்த இழையை முழு நிரூபணமாக்கினார். எந்தக் கோணத்தையும் அளவுகோல், கவராயம் இரண்டை மட்டும் கொண்டு மூன்று சம பாகமாக்க முடியுமா என்பது கிரேக்கர் காலத்திலிருந்து நின்ற கேள்வி. 60 பாகைக் கோணத்துக்கு அது எக்ஸ்³ − 3எக்ஸ் − 1 என்ற கோவையில் வந்து நிற்கிறது. 1 போட்டால் மீதி −3. −1 போட்டால் மீதி 1. வேறு எண் கிடையாது. மாட்டவில்லை. அளவுகோலும் கவராயமும் எட்டக்கூடிய எண்கள் எவை என்ற பொதுத் தேற்றத்தோடு இந்த 'மாட்டவில்லை'யைச் சேர்த்தால் இரண்டாயிரம் ஆண்டுக் கேள்வி முடிகிறது: முடியாது.

என் விடைத்தாளில் இருந்ததும் இதே செயல்தான். எட்டு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், எட்டிலும் மீதி வந்தது. என் கூட்டலிலும் பெருக்கலிலும் ஒரு பிழைகூட இல்லை. 'இந்தக் கோவை விகிதமுறு எண்களால் உடையாது' என்று ஒரு வரி எழுதியிருந்தால், நான் எழுதிக்கொண்ட கோவையைப் பொறுத்தவரை அது முழுச் சரியான விடை. அப்படி ஒரு விடை இருக்கக்கூடும் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ளப்பட்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

5

இப்போது இரண்டாவது வரலாறு. தேர்வு என்பது கண்காணிப்பும் தரப்படுத்தலும் ஒன்றுசேரும் சடங்கு என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். ஃபூக்கோவை மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் சூழலில் சுலபமாகிவிட்டது. எந்தத் தேர்வு, எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்ப்பதே பயனுள்ளது.

எழுத்துத் தேர்வின் மூத்த மரபு சீனாவுடையது. 1905இல் ஒழிக்கப்படும்வரை அங்கே ஆயிரத்து முந்நூறு ஆண்டு அது இருந்தது. கணிதத்தைக் கடிகாரத்தோடு கட்டிய தேர்வு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ட்ரைபாஸ். ட்ரைபாஸ் என்றால் முக்காலி. வாதப் போட்டியில் ஒருவர் உட்காரும் முக்காலியிலிருந்து வந்த பெயர். அதில் முதல் வகுப்பில் தேறியவருக்கு 'ராங்லர்' என்று பட்டம். அதாவது வாதிடுபவர். 18ஆம் நூற்றாண்டில் லத்தீன் வாய்மொழி வாதம் மெல்லத் தேய்ந்து தாளும் பேனாவும் கெடுவும் அந்த இடத்தைப் பிடித்தன. வாதிடுபவர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. தரவரிசையைப் பகிரங்கமாக அறிவிக்கும் வழக்கம் 1909 வரை நீடித்தது.

இந்தத் தேர்வு நம்மிடம் ஆட்சியின் வழியாக வந்தது. 1854இல் மெக்காலே தலைமையிலான குழு இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வைப் பரிந்துரைத்தபோது மொத்தம் 6875 மதிப்பெண். அதில் கணிதத்துக்கு 1000, ஆங்கில மொழி இலக்கியத்துக்கு 1500, சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. தமிழுக்கு இடமே இல்லை. 1855இல் லண்டனில் முதல் தேர்வு. பிரிட்டிஷ் அரசுப் பணிக்கும் போட்டித் தேர்வு வேண்டுமென்று 1854இல் அறிக்கை எழுதிய இருவரில் ஒருவரான சார்லஸ் ட்ரெவெல்யன் 1859இல் சென்னைக்கே ஆளுநராக வந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும் அமைப்பாகவே தொடங்கியிருந்தது. கணிதத்துக்கும் தமிழுக்கும் இடையில் இன்று நாம் இயல்பானதாக நினைக்கும் ஏற்றத்தாழ்வுக்கு இப்படிக் கூட்டிப் பார்க்கக்கூடிய எண்கள் இருக்கின்றன.

அதற்கு முன்னால் பொற்காலம் இருந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியும் நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் நெட்டுருவாயின. பிரம்பும் இருந்தது. அந்தத் திண்ணையில் எல்லோரும் ஏறவும் முடியாது.

இந்த இடத்தில் ராமானுஜனைச் சாட்சிக்கு இழுப்பது நம் மேடை வழக்கம். 'பரீட்சையில் ஃபெயிலானவர், ஆனால் மேதை.' உண்மை அவ்வளவு சுலபமில்லை. 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாக வந்தவர் அவர். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்து, மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அதை இழந்தார். 1907இல் பச்சையப்பன் கல்லூரி மாணவராக எஃப்.ஏ. தேர்வில் தோற்றதும் கணிதத்தில் அல்ல, மற்றப் பாடங்களில். அவருக்கு வழி திறந்த நூல் கார் என்பவர் எழுதிய தொகுப்பு. 1903இல் கையில் கிடைத்தது. கார் லண்டனில் ட்ரைபாஸுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். சுமார் ஐயாயிரம் முடிவுகள், நிரூபணம் பெயருக்கு. நம் பாஷையில் சொன்னால் கைடு. ஒரு தேர்வின் கைடு ராமானுஜனை உருவாக்கியது, இன்னொரு தேர்வு அவரை வெளியே தள்ளியது. அவரை அழைத்துக்கொண்ட ஹார்டியோ, ட்ரைபாஸுக்கு எதிராக 1926இல் பகிரங்கமாகப் பேசியவர்.

எனக்கு இவற்றைவிட முக்கியமான ஒரு சம்பவம் 1902இல் நடந்தது. முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழி பையன் ராமானுஜனுக்குக் காட்டப்பட்டது. அவர் நாற்படிக்குத் தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். பிறகு ஐம்படியை முயன்றார். ஐம்படிக்கு அப்படியொரு பொது வழி கிடையாது என்று 1824இல் ஆபெல் நிரூபித்திருந்தது கும்பகோணத்துப் பையனுக்குத் தெரியாது. முயன்றார், வரவில்லை. அந்த 'வரவில்லை'க்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. மணியும் அடிக்கவில்லை. அவர் கணக்கை விட்டுப் போகவும் இல்லை.

6

அப்படியானால் தேர்வை ஒழித்துவிடலாமா? இந்தக் கோஷத்தை யார் எழுப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். என் அப்பா பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். என் விடைத்தாளைத் திருத்தியவருக்கு என் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, சாதி தெரியாது. அவர் கண்ட வெறும் எண் எனக்கு ஒரு பாதுகாப்பு. வகுப்பறையில் பெயரோடும் தெருவோடும் இருந்தபோது அந்தப் பாதுகாப்பு இல்லை. சிபாரிசைவிட, நேர்முகத்தைவிட, முகமறியாத தாள் எங்களைப்போன்றவர்களுக்குக் குறைவாகவே துரோகம் செய்திருக்கிறது. தேர்வில் தேறுவதே தகுதியா என்று நீதிக்கட்சிக் காலத்திலிருந்து இங்கே கேட்கப்பட்டு வந்த கேள்வியும் தேர்வை ஒழிக்கச் சொல்லவில்லை. தேர்வு தன் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொன்னது.

நான் கேட்பது சிறியது. எட்டும் மாட்டாதபோது 'மாட்டவில்லை, காரணம் இது' என்று எழுதுவதற்கு விடைத்தாளில் இடம் வேண்டும். உடையாத கோவை ஒன்றாவது கேள்வித்தாளில் வர வேண்டும். பையன்கள் கேள்வி தயாரிக்க வேண்டும், தார்த்தாலியாவைப்போல முப்பது வேண்டாம், ஒன்று போதும். 'மாட்டாத கணக்கைக் கேக்க மாட்டான்' என்ற நம்பிக்கையில் கணிதம் இல்லை. கேள்வி கேட்பவர் மீதான பக்திதான் அதில் இருக்கிறது. அந்தப் பக்தி இருக்கும்வரை மீதி வரும்போதெல்லாம் பையன் தன்னைத்தான் சந்தேகிப்பான்.

போன கோடையில் அக்கா மகள் பத்தாம் வகுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். 'மாமா, உங்களுக்கு இதெல்லாம் ஞாபகமிருக்கா' என்று நோட்டைக் கொண்டுவந்தாள். நான் தவறாக எழுதிக்கொண்ட அந்தக் கோவையையே எழுதிக் கொடுத்தேன். 1 போட்டாள், −1 போட்டாள், எட்டையும் போட்டாள். 'கணக்கு தப்பு மாமா' என்றாள். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. தப்பில்லை, பூஜ்ஜியம் போட்டால் என்ன வருகிறது, −1 போட்டால் என்ன வருகிறது என்று கேட்டேன். 6, −2 என்றாள். 'அப்போ நடுவுல எங்கயோ பூஜ்ஜியம் வந்துதானே ஆகணும்' என்றவள் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் −0.82க்குப் பக்கத்தில் பிடித்துவிட்டாள்.

அந்தச் சமன்பாட்டில் வர்க்க உறுப்பை நீக்கிக் குறியை மாற்றினால் கனமும் பொருளும் ஓர் எண்ணுக்குச் சமம் என்ற வடிவத்துக்கு வந்துவிடும். தெல் ஃபெர்ரோ பூட்டி வைத்திருந்த அதே வகை. ஃபியோர் முப்பது முறை கேட்டது, தார்த்தாலியா ஓர் இரவில் கண்டது. அன்று இருபது நிமிடம் என் எதிரில் இருந்தது அதுதான் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, 'இது பரீட்சைக்கு வருமா மாமா?' என்றாள்.

வராது என்றேன்.